‘அவன் விரும்பித்தானே போனான்?’

கேள்வி:

நான் யாழ்ப்பாணக் கரையோரப் பங்கு ஒன்றில் மறைக்கல்வி கற்பிப்பவள். என் அக்காவின் மகனுக்கு வயது 23. உயர்தரம் முடித்துக் கணினி டிப்ளோமா படித்தவன். எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவர், தாய்லாந்தில் கணினி வேலை, மாதம் 1,200 டொலர் சம்பளம் என்று சொல்லி, 14 இலட்சம் ரூபா பெற்றுக்கொண்டு அவனைச் சுற்றுலா அனுமதியில் அனுப்பினார். அக்கா தாலிக்கொடியை அடகு வைத்தும் காணியை அவரிடமே ஈடு வைத்தும் அந்தக் காசைக் கட்டினார். பிள்ளை இப்போது மியன்மாரில் இருக்கிறான். இணையத்தில் பெண்ணைப் போலப் பேசி வெளிநாட்டவரிடம் பணம் பறிக்கும் வேலை. சொன்ன தொகையைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் அடியும் மின்சார அதிர்ச்சியும் என்கிறான். விடுவதற்கு 5,000 டொலர் கேட்கிறார்கள். அனுப்பியவரோ, “அவன் விரும்பித்தானே போனான், நானா இழுத்துக்கொண்டு போனேன்?” என்கிறார், பொலிசுக்குப் போனால் பிள்ளையை உயிரோடு காணமாட்டீர்கள் என்றும் சொல்கிறார். கடந்த திருவிழாவுக்குப் பெருந்தொகை கொடுத்தவர் அவர். அதனால் பங்கில் சிலர், “இதைக் கோயிலுக்குள் கொண்டுவராதேங்கோ” என்கிறார்கள். இது ஆட்கடத்தலா, எங்கள் பேராசைக்குக் கிடைத்த தண்டனையா? திருச்சபை இதில் தலையிடலாமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (பெயரும் ஊரும் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான இரண்டு விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை ஆறுதலாகப் பேசலாம்.

அந்த 5,000 டொலரை, பிள்ளையை அனுப்பிய மனிதர் வழியாகவோ, அவர் காட்டும் உண்டியல்காரர் (வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றுபவர்) வழியாகவோ இப்போது கொடுத்துவிடாதீர்கள். பணம் கட்டிய பிறகும் விடப்படாமல் இன்னொரு கும்பலுக்குக் கைமாற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள்; ஒரு முறை கட்டிய குடும்பம் மறுமுறையும் கட்டும் என்று அவர்கள் கணக்குப் போடுவார்கள். கொடுப்பதா விடுவதா என்ற முடிவை இறுதியில் உங்கள் அக்காதான் எடுக்க வேண்டியிருக்கும், ஒரு தாய் எடுக்கும் அந்த முடிவைத் தீர்ப்பிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் முறைப்பாடு பதிவாகி, விசாரிக்கும் அதிகாரிகளுக்கு விடயம் தெரிந்த பின்னரே அந்த முடிவு எடுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, காணி. அவர் வாங்கி வைத்திருப்பது பழைய உறுதியை மட்டுமா, அல்லது அக்கா அறுதி உறுதி ஒன்றில், அதாவது காணியை முற்றாக விற்றுவிட்டதாகச் சொல்லும் உறுதியில், கையொப்பம் இட்டிருக்கிறாரா என்பதைக் காணிப் பதிவகத்தில் உடனே பார்க்க வேண்டும். “காசு வந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்” என்ற வாய்ச்சொல்லை நம்பி அறுதி எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வீட்டையும் இழந்து நின்ற குடும்பங்களை இருபது ஆண்டு நீதிமன்ற வாழ்வில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். இனி அவர் நீட்டும் எந்தத் தாளிலும் அக்கா கையொப்பமிட வேண்டாம்.

இனி உங்கள் முதற் கேள்வி. இதில் நம்மிடையே ஒரு சொற்குழப்பம் இருக்கிறது. ‘ஆட்கடத்தல்’ என்றதும் யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் மனதில் வருவது வெள்ளை வான்தான்: படலையடியில் நிறுத்தி, ஆளை இழுத்து ஏற்றிக்கொண்டு போவது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கள்ளமாக எல்லை தாண்டி ஐரோப்பாவிலோ கனடாவிலோ சேர்ப்பதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். கனடாவுக்குப் புறப்பட்ட கப்பலில் இருந்து 303 இலங்கையர் 2022 நவம்பரில் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டபோது, நம் வீடுகளில் அதற்கும் இந்தச் சொல்தான் புழங்கியது. இவை இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று உண்டு. நம் நாட்டுச் சட்ட வழக்கில் அதற்குப் பெயர் மனித வியாபாரம். ஒருவரை இழுத்துச் செல்லவும் வேண்டாம், கள்ள எல்லை தாண்டவும் வேண்டாம். கட்டுநாயக்கவில் முறையாகக் கடவுச்சீட்டில் முத்திரை குத்திப் புறப்பட்டவரும் விற்கப்பட்டவராக இருக்கலாம். “அவனை ஒருவரும் கடத்தவில்லையே” என்று உங்கள் பங்கில் பேசுவோர் முதலாவதை மனதில் வைத்துக்கொண்டு மூன்றாவதைக் காணாமல் விடுகிறார்கள்.

2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையில் 360இ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அச்சுறுத்தலாலோ, பலவந்தத்தாலோ, மோசடியாலோ, ஏமாற்றாலோ, ஆசை காட்டியோ, ஒருவருடைய இயலாத நிலையைப் பயன்படுத்தியோ அவரைச் சேர்ப்பதும், கொண்டுசெல்வதும், கைமாற்றுவதும், தங்கவைப்பதும், பெற்றுக்கொள்வதும், அதன் நோக்கம் கட்டாய உழைப்போ அடிமைத்தனமோ பாலியல் சுரண்டலோ அல்லது சட்டப்படி குற்றமான வேறொரு செயலோ என்றால், மனித வியாபாரம் ஆகும். தண்டனை 2 ஆண்டுக்குக் குறையாமல் 20 ஆண்டு வரை சிறை. இந்த வரிகளை உங்கள் பெறாமகனின் கதையோடு வைத்துப் பாருங்கள். சேர்த்தவர் இருக்கிறார். காட்டிய ஆசை இருக்கிறது. சொன்ன வேலை வேறு, கொடுத்த வேலை வேறு. அடிக்குப் பயந்து செய்யும் உழைப்பு இருக்கிறது; அந்த உழைப்பே ஒரு குற்றச் செயலாகவும் இருக்கிறது. அனுப்பியவர் எந்த அளவுக்கு அறிந்து செய்தார் என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் இது விசாரிக்கப்பட வேண்டிய குற்றம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

“விரும்பித்தானே போனான்” என்ற சொல் இங்கேதான் உடைகிறது. முலாம் பூசிய செம்பைப் பவுண் என்று சொல்லி ஒருவர் விற்றால், வாங்கியவரும் விரும்பித்தான் வாங்கினார்; ஆனால் அவர் விரும்பியது பவுணை. உங்கள் பெறாமகன் சம்மதித்தது தாய்லாந்தில் ஒரு கணினி வேலைக்கு. ஆற்றுக்கு அப்பால் ஆயுதக்காரர் காவலுக்குள் இருந்துகொண்டு முகம் தெரியாத ஒரு முதியவரின் சேமிப்பைப் பறிக்க அவன் சம்மதிக்கவில்லை. அவனிடம் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. 2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட, இலங்கை 2015 இல் உறுதிப்படுத்திய பலேர்மோ நெறிமுறையும் இதையே சொல்கிறது: ஏமாற்றோ பலவந்தமோ பயன்படுத்தப்பட்டிருந்தால் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் எடுக்கப்படாது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் ஏமாற்றைக்கூட நிரூபிக்க வேண்டியதில்லை.

அவன் இருக்கும் இடம் பற்றியும் நீங்கள் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது. அறியாமை பயத்தை இன்னும் கூட்டும். பாங்கொக்கில் இறங்குவோரைத் தரைவழியாக மே சொட் என்ற எல்லைப்பட்டினத்துக்குக் கொண்டுபோய், மோய் ஆற்றைக் கடத்தி, மறுகரையில் மியாவடிப் பக்கம் மதில் கட்டிய வளாகங்களுக்குள் விடுகிறார்கள். அது மியன்மார் அரசின் கைக்கு முழுதாக எட்டாத, ஆயுதக் குழுக்கள் ஆளும் நிலம். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இவ்வாறு இணைய மோசடியில் கட்டாயப்படுத்தப்படலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் மதிப்பிட்டது. அங்கே சிக்குவோரில் படித்தவர்களும் கணினி தெரிந்தவர்களும் ஆங்கிலம் எழுதக்கூடியவர்களும் பலர்; அவர்களைத்தான் அந்தத் தொழிலுக்குத் தேவை. ஆகவே, “படித்த பிள்ளைக்கு இது தெரியாதா?” என்று யாராவது கேட்டால், படித்தவன் என்பதால்தான் அவன் தேடிப் பிடிக்கப்பட்டான் என்று சொல்லுங்கள். மீட்சி இல்லாத இடமும் அல்ல அது. இலங்கையர் பலர் குழுக்களாக மீட்கப்பட்டு வந்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் தாய்லாந்து அந்தப் பகுதிக்கான மின்சாரத்தை நிறுத்தியதை அடுத்து, பல நாட்டவரான ஆயிரக்கணக்கானோர் வெளியே விடப்பட்டார்கள்.

பேராசை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்துவிட்டுச் சற்று நேரம் கடிதத்தை மடித்து வைத்தேன். 2022 இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குப் போனது. கடலுக்குப் போகிற வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. டிப்ளோமா முடித்த பிள்ளைக்குக் கிடைக்கும் சம்பளத்தில் அம்மாவின் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்குமே பற்றாது. அப்படியொரு நாட்டில் இருந்து 23 வயதுப் பிள்ளை வேலை தேடிப் போவதைத் திருச்சபை ஒருபோதும் பாவம் என்று சொன்னதில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 இல் வெளியிட்ட திருத்தூது ஆணையில், எகிப்துக்கு ஓடிய நாசரேத்துத் திருக்குடும்பமே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று எழுதினார். நம் சொந்த மண்ணையே பாருங்கள்: ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த 1687 இல், கூலியாள் வேடத்தில், நோயுற்ற உடலோடு யாழ்ப்பாணக் கரையில் வந்து இறங்கியவர் புனித யோசப் வாஸ். அன்றைய ஆட்சியின் கண்ணில் அவர் அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்த ஆள். சில்லாலை மக்கள் அவரை ஒளித்துக் காத்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு அன்றே மடுவுக்கு வந்தார். அந்த வெயிலில் நின்றவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம். புலம்பெயர்வதற்கு மட்டுமல்ல, சொந்த ஊரிலேயே மானத்தோடு வாழ்வதற்கும் மனிதருக்கு உரிமை உண்டு என்பதையே 2023 ஆம் ஆண்டின் புலம்பெயர்ந்தோர் நாள் செய்தியின் மையமாக அவர் வைத்தார். அந்த இரண்டாவது உரிமை இங்கே உங்கள் பெறாமகனுக்குக் கிடைக்கவில்லை. பிழையைத் தேடுவதாக இருந்தால் அங்கிருந்து தேடத் தொடங்குங்கள், அக்காவின் தாலிக்கொடியில் இருந்து வேண்டாம்.

அடுத்தது, “கோயிலுக்குள் கொண்டுவராதேங்கோ” என்ற பேச்சு.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நடந்துபோன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தென்மராட்சியில் எங்களை முதலில் உள்ளே எடுத்தது ஒரு தேவாலயம். யார் பங்கு, யார் சமயம் என்று கேட்காமல் வாங்குகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தார்கள். அன்று அதை அரசியல் என்று யாரும் சொல்லவில்லை. வீடிழந்து வந்தவருக்குக் கதவு திறப்பது திருச்சபையின் வேலை என்றால், வேலை என்று நம்பிப் போய் அடிமையானவருக்காகக் கதவைத் தட்டுவதும் அதே வேலைதான்.

பெப்ரவரி 8 ஆம் நாளை மனித வியாபாரத்துக்கு எதிரான செபத்துக்கும் விழிப்புணர்வுக்கும் உரிய நாளாகத் திருச்சபை 2015 முதல் உலகெங்கும் நினைவுகூர்கிறது. அது புனித ஜோசபின் பக்கீத்தாவின் திருநாள். சூடானின் டார்பூரில் சிறுமியாக இருக்கும்போது பிடிக்கப்பட்டு, பலமுறை விற்கப்பட்டு, பட்ட அதிர்ச்சியில் தன் சொந்தப் பெயரையே மறந்துபோனவர். பக்கீத்தா, அதாவது ‘நற்பேறு பெற்றவள்’, என்பது பிடித்தவர்கள் வைத்த பெயர். மறைக்கல்வியில் அவருடைய மன்னிக்கும் மனதைப் பற்றிக் கற்பிக்கிறோம். அவர் விடுதலை பெற்ற விதத்தைக் கற்பிக்கிறோமா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தாலியில் அவர் வேலை செய்த வீட்டின் எசமானி அவரைத் திரும்ப ஆபிரிக்காவுக்கு அழைத்தபோது, வெனிசு நகரில் கனோசா சபைச் சகோதரிகளிடம் தங்கியிருந்த பக்கீத்தா வரமாட்டேன் என்று மறுத்தார். எசமானி விடவில்லை. சகோதரிகளின் தலைவி அதிகாரிகளிடம் முறையிட்டார், வெனிசின் கர்தினால் தலையிட்டார், 1889 நவம்பர் 29 அன்று அரச வழக்குரைஞர் அவர் சுதந்திரமானவர் என்று அறிவித்தார். ஒரு கன்னியர் மடம், ஒரு கர்தினால், ஒரு சட்ட அதிகாரி ஆகிய மூவரும் ஓர் அடிமைப்பெண்ணின் ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றார்கள். அன்று அந்தச் சகோதரிகள் “இதை மடத்துக்குள் கொண்டுவராதே” என்று சொல்லியிருந்தால் இன்று நமக்கு அந்தப் புனிதர் இல்லை.

திருச்சபையின் கை எப்போதும் சுத்தமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1452 இல் ஒரு திருத்தந்தை போர்த்துக்கல் மன்னனுக்கு மக்களை நிரந்தர அடிமைகளாக்கும் அனுமதியை எழுத்திலேயே கொடுத்தார். அந்தப் போர்த்துக்கல்லின் கப்பல்கள்தான் பின்னர் நம் கரைக்கும் வந்தன. நாமும் நல்லவர்களாக இருக்கவில்லை: ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனியாக ஒரு பகுதியே உண்டு, சட்ட மாணவியாக அதை முதன்முதலில் வாசித்த நாள் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 இல்தான். ஆகவே மனிதரை விற்பது எங்கோ தூரதேசத்துப் பாவம் என்று யாழ்ப்பாணத்தவர் எவரும் சொல்ல முடியாது.

திருவிழாவுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். நான் தயங்காமல் சொல்கிறேன். சீராக்கின் ஞானம் 34 ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள்: ஏழைகளின் உடைமையில் இருந்து பலி செலுத்துவது, தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்று அங்கே எழுதியிருக்கிறது. 1514 இல் கியூபாத் தீவில் மறையுரைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த பார்தலோமே தே லாஸ் காசாஸ் என்ற குரு இந்த அதிகாரத்தில்தான் நின்றுபோனார். தனக்குக் கீழே கட்டாய வேலை செய்த பழங்குடி மக்களை விட்டுவிட்டு, மீதி வாழ்நாளை அவர்களுக்காக வழக்காடியே கழித்தார். உங்கள் பங்கின் கொடி அந்த மனிதரின் காசில்தான் ஏற வேண்டும் என்று மரியன்னையோ எந்தப் புனிதரோ கேட்கவில்லை. விசாரணை முடியும் வரை அவரிடம் நன்கொடை பெறுவதைப் பங்கு நிறுத்த வேண்டும், பெற்றதையும் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதேவேளை, அவர் பெயரைப் பீடத்தில் இருந்து அறிவிப்பதோ, வாசலில் வைத்து வாக்குவாதப்படுவதோ வேண்டாம். குற்றம் தீர்ப்பாகும் முன் அப்படிச் செய்வது நீதியும் அன்று. அவர் தன் தொலைபேசியை அழித்துவிட்டு ஊரைவிட்டுப் போவதற்கு நாமே வழிசெய்வதாகவும் முடியும். ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்ற 2013 ஆம் ஆண்டு ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ், “உன் சகோதரன் எங்கே?” என்று கடவுள் காயினைக் கேட்ட கேள்வியை மனித வியாபாரத்தோடு பொருத்தி, இதில் நாம் எண்ணுவதைவிடப் பலர் உடந்தையாக இருக்கிறோம் என்று எழுதினார். வசதிக்காக மௌனமாக இருப்பவர்களையும் சேர்த்துத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

உங்கள் பங்குத்தந்தையிடம் நேரில் போங்கள்; நடுவில் ஆள் வைக்காதீர்கள். மறைமாவட்டத்தின் சமூகப் பணி நிலையத்துக்கு, யாழ்ப்பாணத்தில் நாம் ஹியூடெக் என்று அழைக்கும் கரித்தாஸ் அமைப்புக்கு, அவர் கையொப்பமிட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதம் எப்படி உதவும் என்று நினைப்பீர்கள். 2009 இல் துறவற சபைகளின் உலகத் தலைவியர் சேர்ந்து தொடங்கிய ‘தலித்தா கூம்’ என்ற அருட்சகோதரிகள் வலையமைப்பு, மனித வியாபாரத்துக்கு எதிராக ஆசியாவிலும் இயங்குகிறது. தாய்லாந்திலும் சகோதரிகள் இருக்கிறார்கள். “சிறுமியே, எழுந்திடு” என்று யாயீரின் மகளை ஆண்டவர் எழுப்பிய சொல்தான் அதன் பெயர். தூதரகம் ஒரு கோப்பைத் திறப்பதற்கு முன்னரே, எல்லைப்பட்டினத்தில் ஒரு சகோதரி தொலைபேசியை எடுத்து விசாரிக்கக்கூடும். திருச்சபை பல நாடுகளில் வேர் விட்டிருப்பது இப்படியான வேளைக்கும் உதவ வேண்டும்.

ஆனால் செபமும் கடிதமும் முறைப்பாட்டுக்கு மாற்றாகாது. பொலிசுக்குப் போனால் பிள்ளை உயிரோடு வராது என்று அவர் சொன்னது, பெரும்பாலும் தன்னைக் காக்கும் மிரட்டல். யாழ்ப்பாணத்தில் பதியப்படும் முறைப்பாடு மியாவடிக் காவலருக்குத் தானாகப் போய்ச் சேராது. அதை அங்கே சொல்லக்கூடியவர் மிரட்டுகிறவர்தான். அவர் அப்படிச் சொன்ன குரல் பதிவு வட்ஸ்அப்பில் இருந்தால் அதுவே சாட்சி. தொலைபேசியை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். வங்கிச் சீட்டு, அடகுச் சீட்டு, விமானச் சீட்டின் படம், அவர் அனுப்பிய வேலை விளம்பரம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வேறொரு வீட்டிலும் வையுங்கள். முறைப்பாட்டாளரையும் சாட்சியையும் மிரட்டுவது, 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க, பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். மிரட்டலையும் முறைப்பாட்டில் சேர்த்துச் சொல்லுங்கள்.

முறைப்பாடு எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் இப்படியான வழக்குகள் பெரும்பாலும் பிழையாகிப் போகின்றன. ஆகவே இதைக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் போய் “14 இலட்சம் வாங்கி ஏமாற்றிவிட்டார்” என்று தொடங்கினால், அது பணப்பிணக்காகப் பதியப்படும். அவர் வந்து இரண்டு இலட்சத்தை மேசையில் வைத்து, மீதியைத் தவணையாகத் தருவதாகச் சொல்வார். விடயம் சமரசத்தில் முடிந்ததாகக் குறிக்கப்படும். பிள்ளை அங்கேயே இருப்பான். பிள்ளையில் இருந்து தொடங்குங்கள். என்ன வேலை என்று சொல்லப்பட்டது, எங்கே கொண்டுபோகப்பட்டான், கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது, வெளியே போக விடுகிறார்களா, அடித்தார்களா, யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்ற ஒழுங்கில் சொல்லிவிட்டு, பணத்தைக் கடைசியில் சொல்லுங்கள். இதை மனித வியாபாரமாக, 360இ பிரிவின் கீழ் விசாரிக்கும்படி கேட்கிறேன் என்ற வசனம் வாக்குமூலத்தில் இருக்க வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதன் கீழ் கையொப்பமிடாதீர்கள். எத்தனையோ தாய்மார் தாங்கள் சொல்லாததன் கீழ் கையொப்பமிட்டுவிட்டுப் பின்னர் நீதிமன்றத்தில் தடுமாறி நின்றதைக் கண்டிருக்கிறேன். முறைப்பாட்டின் இலக்கத்தை வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

அதே விவரங்களைக் கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் மனித வியாபார விசாரணைப் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த மனிதருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது தனியாகவே ஒரு குற்றம். மனித வியாபாரத்தை நிரூபிக்கக் காலம் எடுத்தாலும் இது சீக்கிரம் நிரூபிக்கப்படலாம். வெளிவிவகார அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. யாங்கோனிலும் பாங்கொக்கிலும் உள்ள நம் தூதரகங்களுக்கு விண்ணப்பம் அங்கிருந்து போக வேண்டும். பொலிசார் பதிய மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும், சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் போங்கள். ஒரே நாளில் எல்லாம் முடியாது; ஆனால் ஒரே வாரத்துக்குள் எல்லாவற்றையும் தொடங்கிவிட முடியும்.

பிள்ளை எடுக்கும் அழைப்பைப் பற்றி ஒரு சொல். பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணியே பேசுங்கள். முறைப்பாட்டைப் பற்றியோ, தப்பி ஓடுவதைப் பற்றியோ தொலைபேசியில் பேச வேண்டாம். அவன் தனியாக இருக்கும்போது இருப்பிடத்தை வரைபடத்தில் அனுப்ப முடிந்தால் அனுப்பிவிட்டு உடனே அழிக்கட்டும், முடியாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். கட்டடத்தின் நிறம், யன்னலால் ஆறு தெரிகிறதா, கூட இருக்கும் இலங்கையர் எத்தனை பேர் என்பனவும் தேடுவோருக்குப் பயன்படும். முக்கியமாக, அழைப்பில் அழுது அவனைக் குற்றம் சொல்லாதபடி அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் அவனுக்குத் தேவைப்படுவது வீட்டின் குரல்.

மீட்கப்படும்போது அவனே குற்றவாளியாக நடத்தப்படுவானோ என்று உங்களுக்கு வேறொரு பயமும் இருக்கக்கூடும். கட்டாயத்தின் கீழ் செய்த குற்றத்துக்காகப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்காமல் விட அதிகாரிகளுக்கு இடமளிக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பின் 2014 ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. இலங்கை அதை 2019 இல் ஏற்றிருக்கிறது. இப்போதே பதியப்படும் முறைப்பாடு, அவன் பாதிக்கப்பட்டவன் என்பதற்கு அவன் வாய் திறக்கும் முன்பே எழுத்தில் இருக்கும் ஆதாரமாகிவிடும். தாமதிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வந்த பிறகு அவனைப் பங்கில் எப்படி வரவேற்பார்கள் என்பது உங்களைப் போன்றவர்களின் கையில் இருக்கிறது. வெறுங்கையோடு வந்தவன், மோசடி செய்தவன் என்ற பேச்சு அவன் காதில் விழுவதற்கு முன்னர், உங்கள் மறைக்கல்வி வகுப்பில் பக்கீத்தாவின் கதையை முழுமையாகச் சொல்லிவிடுங்கள். அந்த வெனிசு அறிவிப்பையும் சேர்த்து.

இவ்வளவுக்கும் முதலில் வேண்டியது அவனுடைய கடவுச்சீட்டின் முதற்பக்கம். அக்காவிடம் பிரதி இல்லை என்றால், அடகுக் கடையிலோ, பணம் அனுப்பிய இடத்திலோ, அனுப்பியவர் அனுப்பிய பழைய வட்ஸ்அப் செய்திகளிலோ ஒன்று இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் அவனுடைய தேசிய அடையாள அட்டை இலக்கமும் புறப்பட்ட நாளும் போதும். அவற்றை எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு, நாளை காலையே பங்குத்தந்தையிடம் போங்கள். அவரும் உங்களோடு பொலிஸ் நிலையத்துக்கு வர இணங்கினால் நல்லது. இணங்காவிட்டாலும் நீங்கள் இருவரும் போங்கள்.